சந்தேகப்படுங்கள், ஆனால் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள்

வியாழக்கிழமை ராத்திரி என்ன நடந்தது என்று இந்தக் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் இதற்குள் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக் கதையும் வேண்டாம். 2025 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், ஓட்டகாம் மலையுச்சியில் தடேய் பொகாச்சர் முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "எந்த ஊசியோ, நல்ல ஊசி" என்று ஒரு வரி, ஊக்கமருந்து போட்டுத்தான் ஜெயித்தான் என்ற அர்த்தத்தில். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் நான் மதிக்கிற நாலைந்து பேரும் இருந்தார்கள். அதுதான் வலித்தது. நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன், முடியவில்லை. இன்று பந்தயத்துக்கு ஓய்வு நாள், பார்க்க ஸ்டேஜ், அதாவது அன்றன்றைய ஓட்டம், இல்லை. எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகப்படுவது தப்பில்லை. இந்த விளையாட்டைப் பார்க்கிற யாரும் சந்தேகப்படாமல் இருக்கவும் முடியாது. நானும் சந்தேகப்படுகிறேன். ஆனால் "எல்லோரும் ஊசிதான்" என்பது சந்தேகம் இல்லை. அது தீர்ப்பு. ஒரு ஸ்டேஜ்கூட உட்கார்ந்து பார்க்காமல், ஒரு விவரம்கூடப் படிக்காமல் எழுதிய தீர்ப்பு.

அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தின நாள் இத்தாலியில், வாலே தாஓஸ்டா பந்தயத்தில், சாமுவேலே பிரிவிதேரா என்ற பையன் கீழே விழுந்து இறந்துபோனான். வயது 19. வியாழக்கிழமை ஸ்டேஜ் கிளம்புவதற்கு முன் அத்தனை வீரர்களும் நின்று அவனுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அதே முந்தின நாள் துலூஸ் அருகில் பொகாச்சரும் விழுந்தார். முன்னால் போன போட்டியாளர்கள் வேகத்தைக் குறைத்து அவர் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். 2022இல் இதே ஓட்டகாமில்தான் அவருடைய முக்கியப் போட்டியாளர் யோனஸ் விங்ககோர் அவரை உதறிவிட்டுப் போய் அந்த வருடப் பட்டத்தை உறுதி செய்தார். அந்த மலையில், உச்சிக்கு இன்னும் 12 கிலோமீட்டர் இருக்கும்போதே பொகாச்சர் தனியாகக் கிளம்பினார். விங்ககோர் வந்து சேர்ந்தபோது 2 நிமிடம் 10 நொடி ஆகியிருந்தது. ஜெயித்ததை அந்தப் பத்தொன்பது வயதுப் பையனுக்குச் சமர்ப்பித்தார். அப்போதுதான் இங்கே ஊசிக் கதை ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ அவன் சுத்தம் என்று சொல்ல வருகிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஒரு முறை ஒருவருக்காகச் சத்தியம் செய்து பட்டது போதும்.

அதையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் மஞ்சள் நிற ரப்பர் பட்டை ஒன்று எல்லோர் கையிலும் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்து டூர் ஜெயித்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பட்டை. நானும் போட்டிருந்தேன். அந்த ஜூலையில் அறை நண்பன் ஒருவனோடு உட்கார்ந்து டூர் பார்த்தேன். பதினெட்டாவது ஸ்டேஜில் பிலிப்போ சிமியோனி என்ற இத்தாலியர் முன்னால் போகும் சிறு கூட்டத்தோடு சேரக் கிளம்பினார். பட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, எங்கோ பின்னால் இருந்தவர். முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சி போட்டிருந்த ஆர்ம்ஸ்ட்ராங் தானே துரத்திப் போய் அவரைப் பிடித்தார். காரணம், ஆர்ம்ஸ்ட்ராங்கோடு வேலை செய்த மிக்கேலே ஃபெராரி என்ற மருத்துவருக்கு எதிராக ஊக்கமருந்து வழக்கில் சிமியோனி சாட்சி சொல்லியிருந்தார். துரத்தி மடக்கிக் கூட்டிவந்தபிறகு, வாயில் ஜிப் போடுவதுபோல ஒரு சைகை. கேமராவுக்கு முன்னாலேயே.

நண்பன் சொன்னான், "ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் இப்படிச் செய்வானா?" நான் அவனைப் பேசாத பேச்சில்லை. உனக்கு வயிற்றெரிச்சல், யாரையும் நல்லவன் என்று ஒத்துக்கொள்ள உனக்கு மனசில்லை என்றெல்லாம் கத்தினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்தது. அப்புறம் நின்றே போனது.

அடுத்த வருடம் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போது என் கையில் இருந்த பட்டையைத் தொட்டு இது என்னடா என்று கேட்டார். கதையைச் சொன்னேன். "அந்தப் பையன் பொழச்சு வந்து மலை ஏறுறானா?" என்று கேட்டுவிட்டு, பட்டையைக் கழற்றித் தன் கையில் போட்டுக்கொண்டார். கடைசிவரை அது அவர் கையில்தான் இருந்தது. 2012 அக்டோபரில் ஊக்கமருந்துக்காக ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். 2013 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஊக்கமருந்து எடுத்தீர்களா என்ற முதல் கேள்விகளுக்கெல்லாம் அவர் "ஆமாம், ஆமாம்" என்று சொன்னதையும் பார்த்தேன். பட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை, ஏனென்றால் அது இப்போது அம்மாவின் பொருள்.

ஆக, ஏமாறுவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்தப் பேட்டியில் ஆர்ம்ஸ்ட்ராங் சொன்ன ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டயருக்குக் காற்று மாதிரி, பாட்டிலில் தண்ணீர் மாதிரி, அதுவும் வேலையின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது என்றார். எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன் என்பதுதான் அதன் சாரம். "எல்லோரும் ஊசிதான்" என்று சிரிக்கிறவர்களே, நீங்கள் அவருடைய வாதத்தைத்தான் அவருக்காகச் சொல்கிறீர்கள். ஏமாற்றியவனுக்கு இதைவிட வசதியான வாக்கியம் கிடையாது.

எல்லோரும் இல்லை. கிறிஸ்டோப் பாசோன் என்று ஒரு பிரெஞ்சு வீரர் இருந்தார். 1998இல் டூர் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட் கார் நிறைய மருந்தோடு பிரான்ஸ்–பெல்ஜியம் எல்லையில் பிடிபட்டாரே, அதே அணியில் இருந்தவர் பாசோன். விசாரணையில் சக வீரர்களே சொன்னார்கள், இவன் மட்டும் எடுக்க மறுத்தான் என்று. அடுத்த வருடம் வேறு அணிக்காக டூர் ஓட்டியபடி ஒரு பத்திரிகையில் பத்தி எழுதினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் வேகத்தைப் பார்த்து வீரர்கள் திகைத்துப் போயிருக்கிறார்கள் என்று எழுதினார். ஆல்ப் துவேஸ் மலைக்குப் போகும் ஸ்டேஜில் ஆர்ம்ஸ்ட்ராங் அவர் பக்கத்தில் வந்து, நீ இந்த விளையாட்டை விட்டுப் போவது நல்லது என்றார். மற்ற வீரர்கள் பேச்சை நிறுத்தினார்கள், சொந்த அணிக்காரர்களும் ஒதுக்கினார்கள். சில நாளில் அவர் பந்தயத்தை விட்டுக் கிளம்பிப் போனார்.

ஒரு மனுஷன் எல்லாவற்றையும் இழந்து காப்பாற்றிய ஒன்றை, "எல்லோரும்" என்ற ஒரே சொல்லில் நீங்கள் துடைத்துப் போடுகிறீர்கள். எனக்குக் கோபம் அங்கேதான். பொகாச்சருக்காக இல்லை. அவருக்கு நான் வக்கீல் இல்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"பன்டானி காலத்து மருந்து வேகத்தையே இவன் தாண்டுகிறானே?" நியாயமான கேள்வி. போன வருடம் ப்ளாட்டோ த பெய் மலையில் ஊக்கமருந்து மலிந்திருந்த தொண்ணூறுகளின் மலை வீரர் மார்கோ பன்டானியின் 1998 நேரத்தை பொகாச்சர் 3 நிமிடத்துக்கு மேல் முந்தினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வயிற்றில் என்னவோ செய்தது. ஆனால் ஒரு நிமிடம் பின்னால் வந்த விங்ககோரும் பன்டானியைவிட வேகமாகத்தான் ஏறினார். சைக்கிள் மாறியிருக்கிறது, டயர் மாறியிருக்கிறது, காற்றை வெட்டும் உடை மாறியிருக்கிறது. எல்லாவற்றையும்விடச் சாப்பாடு. முன்பு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போதும் என்று நினைத்தார்கள். இப்போது 120 கிராம்வரை குடலைப் பழக்குகிறார்கள். ஐந்து மணி நேரம் ஓட்டியபிறகும் காலில் எரிபொருள் இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்து முழு வித்தியாசத்தையும் விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. விளக்கத்தைக் கேட்கும் பொறுமையாவது இருக்கட்டும் என்கிறேன்.

"ஆர்ம்ஸ்ட்ராங்கும் சோதனையில் மாட்டவில்லையே?" இதுதான் எனக்கு உறைக்கிற கேள்வி. உண்மைதான், சோதனையில் மாட்டவில்லை என்பது ஒன்றையும் நிரூபிக்காது. 1999இலேயே அவர் சிறுநீரில் கார்ட்டிசோன் வகை மருந்து தெரிந்தது, முன்தேதியிட்ட மருந்துச் சீட்டைக் காட்டித் தப்பினார். ஆனால் அவர் கடைசியில் எப்படி மாட்டினார்? ஊசி ஊசி என்று சிரித்தவர்களாலா? டேவிட் வால்ஷ் போன்ற நிருபர்கள் வருடக்கணக்கில் துருவினார்கள். அணியில் மசாஜ் செய்த எம்மா ஓ'ரெய்லி பேசினார். சக வீரரின் மனைவி பெட்ஸி ஆண்ட்ரியூ, ஆர்ம்ஸ்ட்ராங் வாயாலேயே தான் கேட்டதைச் சொல்லி, வருடக்கணக்கில் வசை வாங்கினார். இவர்கள்தான் சந்தேகப்பட்டவர்கள். ஒவ்வொரு ஸ்டேஜையும் பார்த்தார்கள், ஒவ்வொரு பெயரையும் எழுதி வைத்தார்கள். விலை கொடுத்துச் சந்தேகப்பட்டார்கள்.

இன்றைக்கும் சந்தேகப்பட விஷயம் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. பொகாச்சரின் அணித் தலைவர் மவுரோ ஜியனெட்டி, 2008இல் சவுனியர் டுவால் அணியை நடத்தியவர். அந்த வருட டூரில் அவருடைய வீரர் ரிக்கார்டோ ரிக்கோ மாட்டினார், அணியே வெளியேறியது. போன வருடம் இரண்டு மூன்று பெரிய அணிகள் ரத்தத்தின் ஹீமோகுளோபினை அளக்கக் கார்பன் மோனாக்சைடு கருவி வைத்திருப்பது வெளியே வந்தது. அளப்பதற்கு மட்டும்தான் என்றார்கள். அதைத் திரும்பத் திரும்ப உள்ளிழுப்பதை சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்தப் பிப்ரவரியில் தடை செய்தது. இதைப் பேசுங்கள். இதைப் பற்றி நூறு கேள்வி கேளுங்கள், நானும் கூடவே கேட்கிறேன். வியாழக்கிழமை சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு இதில் ஒரு வரி தெரியும்?

"நீ ரசிகன், அதனால் குதிக்கிறாய்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன். ரசிகனாக இருப்பது குற்றம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

2015இல் டூரில் முதலிடத்தில் இருந்த கிறிஸ் ஃப்ரூம் மேல், மாந்த் ஊருக்குப் போகும் வழியில், ஒருவன் கோப்பையில் சிறுநீர் பிடித்து வீசினான். "ஊக்கமருந்துக்காரன்" என்று கத்திக்கொண்டே. அவனுக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்ததாம்.

நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். ஓட்டகாமில் பொகாச்சர் கிளம்புவதற்கு முன்னால் அடிவாரத்தில் அவர் அணியைச் சேர்ந்த ஜோனத்தான் நார்வாயெஸ் என்று ஒருவர் அவருக்கு முன்னால் ஓட்டி, உயிரைக் கொடுத்து இழுத்தார். இழுத்து முடித்ததும் சட்டென்று ஓரமாக விலகினார், கால் நின்றுபோன மாதிரி. அவருக்கு மேடை கிடையாது. அவருக்கும் பின்னால் வேக ஓட்டக்காரர்களின் கூட்டம் ஒன்று, மலையே ஏற முடியாதவர்கள், நேர வரம்புக்குள் வந்தால் போதும் என்று ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு ஏறினார்கள். சனிக்கிழமை துர்மாலே மலையில், மூன்றாவது இடத்தில் இருந்த ரெம்கோ எவெனபோல் முடியாமல் பந்தயத்தை விட்டார். பந்தயம் முழுக்க இப்படிப்பட்ட ஆட்கள்தான். நான் பார்ப்பதும் அவர்களைத்தான். அந்த ஒற்றை வரி அவர்கள் எல்லோர் மேலும் விழுந்தது. பிரிவிதேராவுக்கு இன்னும் இரண்டு வருடம் கிடைத்திருந்தால் அவனும் அங்கே இருந்திருப்பான், அவன் மேலும் விழுந்திருக்கும்.

நாளைக்கு மோன் வான்டூ மலை. பொகாச்சர் 4 நிமிடம் 13 நொடி முன்னால் இருக்கிறார், பட்டம் கிட்டத்தட்ட முடிந்த கதை. ஆனாலும் பார்ப்பேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மரமே இல்லாத அந்த வெள்ளைக் கல் சரிவில், பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சனின் நினைவுக் கல் வரும். 1967 ஜூலை 13 அன்று அங்கேதான் சைக்கிளிலிருந்து சரிந்து இறந்தார், ரத்தத்தில் ஆம்ஃபிடமின் என்ற ஊக்கமருந்து. போகிறவர்கள் அங்கே தொப்பியும் பாட்டிலும் வைத்துவிட்டுப் போவார்கள். ஊசி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வருகிறது. என்னால் சிரிக்க முடியவில்லை.

2004இல் என்னோடு உட்கார்ந்து அந்த ஸ்டேஜைப் பார்த்தவன் இதைப் படிக்கிறானா தெரியாது. படித்தால், நீ சொன்னது சரிடா. சிமியோனி விஷயத்தில் நீதான் ஒழுங்காகப் பார்த்தாய். நான் கத்தியது தப்பு. என் நம்பர் மாறவில்லை. நாளை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.