தீயணைப்பு நுரை வெறும் சோப்பு நுரை இல்லை

எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை சோப்பு நுரை மாதிரிதான், தீயணைப்புப் பயிற்சி முடிந்து அது குளத்தில் கலந்தாலும் ஒன்றும் ஆகாது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எல்லா நுரைக்கும் அது பொருந்தாது, நண்பரே. ஏ.எஃப்.எஃப்.எஃப். என்ற, எண்ணெயின் மேல் மெல்லிய நீர்ப்படலம் பரப்பி அணைக்கும் நுரை வகையில் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃப்ளூரின் சேர்மங்கள் இருக்கின்றன. இவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை, இவற்றில் சில நம் உடம்பிலும் தங்கிவிடும். பழைய நுரைகளில் இருந்த, இதே வகையைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். 2009-லேயே, எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்பாடான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது, இன்னொன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019-ல்.

நீங்களே சரிபார்க்கலாம். கேனில் ஏ.எஃப்.எஃப்.எஃப். என்று இருக்கிறதா, ஃப்ளூரின் இல்லாதது என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அந்தத் தயாரிப்பின் பாதுகாப்புத் தரவுத் தாளை (தயாரிப்பாளர் தரும் எஸ்.டி.எஸ்.) தேடி எடுத்தால், 3-ஆம் பகுதியில் என்னென்ன கலந்திருக்கிறது என்றும் 12-ஆம் பகுதியில் நீர்வாழ் உயிர்களுக்கு என்ன ஆகும் என்றும் போட்டிருக்கும். ஒப்பந்தப் பட்டியலும் அதன் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்த நுரையை முதலில் தொடுவதே அவர்கள்தான். பயிற்சிக்கு ஃப்ளூரின் இல்லாத நுரையோ வெறும் தண்ணீரோ போதும், நாஞ்சில் நாட்டுக் குளத்துத் தண்ணீர்தான் நம் வயலுக்கும் போகிறது.