வளைவு நிற்கட்டும், இடாப்புகளை எரிக்காதீர்கள்

யாழ்ப்பாணப் பாடசாலை ஒன்றில் எடுத்த அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புது நுழைவாயில் வளைவு, மாலையோடு பிரமுகர்கள், ஓரத்தில் உழவு இயந்திரப் பெட்டிக்குள், எரிக்கக் கொண்டுபோக ஏற்றின, சணல் கயிற்றால் கட்டின பழைய புத்தகக் கட்டுகள். படத்தைக் கொஞ்சம் பெருப்பித்தால் ஒரு கட்டின் முதுகில் 1913 என்று தெரிகிறது. கேட்டவர்களுக்குப் பழைய மாணவர் சங்கம் கொடுத்த பதில்: "கறையான் பிடித்த கடதாசி, துப்புரவு செய்தோம்." பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

பாடசாலையின் பெயரை எழுதப் போவதில்லை. இது ஒரு பாடசாலையின் பிழை மட்டுமல்ல. நான் சொல்ல வந்தது ஒன்றுதான், அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்: நூறு வருடத்துப் பள்ளிக்கூடத்தின் வரலாறு சேர்வு இடாப்பிலும் (பிள்ளையைச் சேர்க்கும்போது எழுதும் பதிவேடு) பழைய சஞ்சிகையிலும் இருக்கிறது. வளைவில் இல்லை. விழா மலரில் வரும் வாழ்த்துச் செய்திகளிலும் இல்லை.

1900க்கும் 1930க்கும் இடையில் வந்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடச் சஞ்சிகைகளைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். பெரும்பகுதி ஆங்கிலம், பின்னால் கொஞ்சம் தமிழ். அதிபரின் அறிக்கை, பரிசு பெற்றோர் பட்டியல், கேம்பிரிட்ஜ் ஜூனியர், சீனியர் பரீட்சைப் பெறுபேறு, விவாதக் கழகத்தில் எந்தப் பொருளுக்கு எந்தப் பக்கம் வென்றது, விடுதியில் யாருக்குக் காய்ச்சல், கிரிக்கெட் ஓட்டக் கணக்கு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் நடக்கும் 'வடக்கின் பெரும் சமர்' என்ற கிரிக்கெட் ஆட்டம் 1904இல் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் காலத்து ஆட்டங்களில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்று இன்று சொல்ல முடிந்தால், அது இப்படி சஞ்சிகை ஆசிரியராக இருந்த யாரோ ஒரு மாணவர் குறித்து வைத்ததால்தான்.

கடைசிப் பக்கங்களில் இருப்பது பழைய மாணவர் செய்தி. ஒவ்வொன்றும் இரண்டு வரி. இன்னார் மலாய் றெயில்வேயில் கிளாக்கராகச் சேர்ந்தார். இன்னார் தைப்பிங்கிலிருந்து சிரம்பானுக்கு மாற்றம். இன்னார் சட்டக் கல்லூரியில். இன்னாருக்குக் கலியாணம், பெண் இன்ன ஊர் உடையாரின் (அந்தக் காலத்து ஊர் அதிகாரி) மகள். மகளுக்குப் பெயர் கிடையாது. இன்னார் காலமானார். ஒரு இதழில் படித்தால் ஊர்ப் பேச்சுப் போலத்தான் இருக்கும். இருபது வருட இதழ்களை வரிசையாக வைத்துப் படியுங்கள். 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் றெயில் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு சமூகம் எப்படிப் பரவியது, எந்த ஊர்ப் பெடியன் எந்த ஊர்ப் பெடியனைப் பினாங்குக்குக் கூப்பிட்டான், 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்த பிறகு யார் அங்கே போனார்கள் என்று கண் முன்னால் விரியும். மலாயாவிலிருந்து கட்டிட நிதிக்கு வந்த காசு வெள்ளிக் (அந்த நாட்டு டொலர்) கணக்கில், ஆள் ஆளாக, பட்டியலாக இருக்கும். இன்று கனடாவிலும் லண்டனிலும் இருந்து வளைவுக்குக் காசு அனுப்பும் அண்ணைமாரே, உங்களுக்கு முன்னோடிகள் அவர்கள். அவர்களுடைய பெயர்களைத்தான் அந்தப் பெட்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

சேர்வு இடாப்பு இன்னும் பெரியது. சேர்வு இலக்கம், பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தொழில், ஊர், சமயம், முன்பு படித்த பள்ளிக்கூடம், சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, விலகிய காரணம். படித்துப் பெயரெடுத்தவனுக்கு வேறு இடத்திலும் தடயம் இருக்கும். சம்பளம் கட்ட ஏலாமல் பாதியில் நின்றவனுக்கு அந்த ஒரு வரி மட்டும்தான்.

"கறையான் பிடித்ததை என்ன செய்வது?" என்கிறீர்கள். சொல்கிறேன். கறையான் புத்தகத்துக்குள் குடியிருப்பதில்லை, மண்ணில் இருந்து சுவர் வழியாக ஏறி வருவது. புத்தகத்தை அந்த இடத்தை விட்டு எடுத்து உலர்ந்த அறையில் இரும்பு அலுமாரியில், சுவரில் முட்டாமல் வைத்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஒட்டிய மண்ணைக் காயவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். ஓரத்தைத் தின்றிருந்தாலும் நடுவில் எழுத்து மிஞ்சியிருக்கலாம். புத்தகத்தைத் துளைக்கும் வண்டுக்குத்தான் வேறு வைத்தியம்: பொலித்தீன் பைக்குள் காற்றுப் போகாமல் கட்டி, சுழியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியஸ் குளிரில் இரண்டு கிழமை. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் பிடிக்கும். நனைந்திருந்தால் தாள்களுக்கு இடையில் ஒற்றுத்தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு நொறுங்கும்.

இன்னும் மோசமான பிழை, நல்லெண்ணத்தில் செய்வது. கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. லாமினேட் செய்யாதீர்கள். அந்தக் காலத்து மரக்கூழ்த் தாளுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது, பிளாஸ்டிக்குக்குள் பூட்டினால் அது உள்ளேயே கிடந்து தின்னும். சஞ்சிகையின் கம்பித் தையல் துருப்பிடித்திருந்தால் இழுக்க வேண்டாம், பின்பக்கம் மடிந்த கால்களை நிமிர்த்திப் பிறகு மெல்ல எடுங்கள். இடாப்பில் எழுதிய கறுப்பு மை பெரும்பாலும் இரும்பு கலந்தது. தடித்த எழுத்து உள்ள இடத்தில் தாள் வெடித்திருக்கும், அங்கே மடித்தால் எழுத்தே துண்டாக விழும்.

"ஸ்கான் செய்யக் காசு வேண்டுமே?" வளைவுக்குக் காசு இருந்தது. பெரிய இயந்திரம் தேவையில்லை. தட்டையான ஸ்கானரில் கவிழ்த்து அமத்தினால் முதுகு உடையும். தாளை உள்ளே இழுக்கும் இயந்திரம் கிட்டவும் வரக்கூடாது. இரண்டு சாய்வுப் பலகையில் புத்தகத்தை முழுதாக விரிக்காமல் 110 பாகை அளவில் தாங்க வையுங்கள். ஒரு நல்ல கமரா, அசையாத தாங்கி, இரு பக்கமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கு. யன்னலை மூடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். முதலில் வலப்பக்கம் எல்லாம், பிறகு இடப்பக்கம் எல்லாம், அப்போது ஒவ்வொரு படத்துக்கும் கமராவை மாற்றத் தேவையில்லை. எழுத்துக்கு 300 டி.பி.ஐ. (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும், ஓட்டக் கணக்குப் போன்ற பொடி எழுத்துக்கு 400. மூலப் படத்தைத் தரம் குறையாத டிஃப் கோப்பாக வையுங்கள், வாசிக்க பி.டி.எஃப். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். புத்தகத்தை மூடுமுன் பக்க எண்களைச் சரிபாருங்கள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்று தவறுவதுதான் வழக்கமாக நடப்பது, வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

பெயரடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) செய்யாமல் விட்டால் வேலை பாதிதான். ஒரே ஆள் ஒரு இதழில் கனகசபை, இன்னொன்றில் ஆங்கில 'C'யில் தொடங்கும் கனகசபாய். கிறிஸ்தவ மிசன் பள்ளிக்கூடங்களில் புதுப் பெயரும் வருவதால் சிக்கல் இன்னும் கூட. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம்தான் பிரான்சிஸ் கிங்ஸ்பரி. இரண்டும் ஒருவர்தான் என்று தெரியாத கணினிக்கு இரண்டு ஆள். ஊரும் தகப்பன் பெயரும் தெரிந்த முதியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் இது சரிவரும். அப்படிப்பட்டவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்.

"நூலகம் இணையத்தளத்தில் எல்லாம் இருக்குதே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். 2005இல் இருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றி அவர்கள் செய்வது பெரும் பணி, மறுக்கவில்லை. ஆனால் கையில் கிடைத்ததைத்தான் அவர்கள் ஏற்ற முடியும். எரித்ததை எப்படி ஏற்றுவது?

"இதை யார் படிக்கப் போகிறார்கள்?" மலேசியாவில் கிள்ளானிலும் ஈப்போவிலும் மூன்றாம் தலைமுறைக்காரர் பாட்டனின் ஊர்ப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. இடாப்பின் ஒரு வரியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார்கள், அதுதான் உண்மையில் நோகிறது. "பழைய இடாப்பு வெளியே வந்தால் சாதிக் கதை கிளம்பும்." கிளம்பட்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கேட்டதற்காக எங்கள் ஊர்களில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே வாங்கில் இருந்து படிக்கப் போராட வேண்டியிருந்த பிள்ளைகளின் பெயரும் அங்கேதான் இருக்கிறது, இல்லாமல் விடப்பட்டவர்களின் வெற்றிடமும் அங்கேதான் தெரியும். உயிரோடு இருப்பவர்களின் விபரத்தை மறைக்க வேண்டுமென்றால் நூறு வருடத்துக்கு உட்பட்டதைப் பூட்டி வையுங்கள், அது நியாயம். 1913ஐ எரிப்பது அதற்கு மருந்தல்ல. 1924இல் மாணவர் காங்கிரசை (பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்) தொடங்கி, 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்த தலைமுறை அந்த விவாதக் கழகப் பக்கங்களில் பேசிப் பழகிய தலைமுறைதான். அவர்களுடைய பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம், அவர்கள் இளவயதில் எழுதியதைப் பெட்டியில் ஏற்றுகிறோம்.

1981இல் யாழ் நூலகம் எரிந்ததை ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம். 97,000 புத்தகங்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பிப் போனபோது கைவிட்டு வந்த பாடசாலை அலுமாரிகளில் திரும்பி வந்தபோது எத்தனை மிஞ்சியிருந்தன? செல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பியது இது. யாரும் எங்களிடம் பறிக்கவில்லை. எங்கள் கையாலேயே கட்டி ஏற்றினோம். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

சங்கத்தை அவமதிக்கிறேன் என்பவர்களுக்கு: வளைவைக் கட்டியவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. வெயிலில் நின்று சீமெந்து எண்ணியவர்களைத் தெரியும். அந்த அன்பில் ஒரு பங்கை ஒரு இரும்பு அலுமாரிக்குக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் கேள்வி.

பெட்டி இன்னும் பாடசாலை வளவுக்குள்தான் நிற்கிறது என்று இன்று காலை ஒருவர் சொன்னார். மழைக்கு முன் ஒரு தறப்பாளாவது மூடிவிடுங்கள், கட்டுகளை அவிழ்க்க வேண்டாம். விளக்கும் தாங்கியும் கமராவும் கொண்டு வர ஆட்கள் இருக்கிறார்கள், சம்பளம் கேட்க மாட்டார்கள். அதிபர் ஐயாவிடம் ஒரு அறையும் ஒரு சாவியும் மட்டும் கேட்கிறோம்.