நகையை அடகு வைக்கும் முன் பையனை ஒரு சீசன் மைக் செட்டுக்கு அனுப்புங்கள்

போன வாரம் சேலம் அஸ்தம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, பையன் பிளஸ் டூ முடிச்சுட்டு சவுண்ட் இன்ஜினியரிங்தான் படிப்பேன்னு நிக்கிறான். சென்னையில ஒரு தனியார் இடத்துல ஒரு வருசத்துக்கு லட்சக்கணக்குல கேக்குறாங்க. அவங்கம்மா நகைய வச்சுக் கட்டிரலாமா? நீ எங்கயும் படிக்காமத்தானே தொழில்ல இருக்க, நீ சொல்லு."

அங்கே அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுசாக இங்கே எழுதுகிறேன்.

உண்மைதான், நான் படிக்கவில்லை. பதினேழு வயதில் மைக் செட் கடையில் வயர் சுற்றப் போனவன். தென்னை மரத்தில் ஹாரன் கட்டியிருக்கிறேன், இப்போது சொந்தமாக ஒரு சின்ன ரெக்கார்டிங் ரூமும் வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட சர்டிபிகேட் எங்கே என்று கேட்டதில்லை. எங்கள் தொழிலில் இதைப் பெருமையாகச் சொல்வோம், நமக்கெல்லாம் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று. நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது சொல்வதில்லை. காரணம் என் இடது காது.

அதில் ராத்திரி பகல் ஓயாமல் ஒரு விசில் சத்தம். டாக்டர் போகாது என்றுவிட்டார். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும், 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிடம் என்பது இந்தத் துறையில் முறையாகப் படிக்கிறவனுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தருகிற பாடம். நான் ஆடி மாதம் முழுக்க ஸ்பீக்கர் பெட்டி பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவன். யூடியூபில் இது இல்லாமல் இல்லை. ஆனால் தேட வேண்டும் என்று தோன்றினால்தானே தேடுவோம்? தானாகக் கற்கிறவன் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேட்கத் தெரிந்த கேள்விக்கு மட்டும்தான் அவனுக்குப் பதில் கிடைக்கும்.

ஆம்ப்ளிஃபயர் எரித்ததும் அப்படித்தான். 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கர் நான்கை ஒரே சேனலில் பேரலலாகக் கொடுத்துவிட்டேன். மொத்தத் தடை 2 ஓமாகக் குறைந்து, மின்சாரம் அதிகமாக இழுத்துவிட்டது. அந்த ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. முகூர்த்த நேரத்தில் புகை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பக்க இணைப்பு என்று போட்டிருக்கிற அதே கணக்கு, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் கல்யாணம். மேடையிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைத்திருந்தோம். பக்கத்து ஸ்பீக்கர் சத்தம் உடனே வர, மேடைச் சத்தம் கொஞ்சம் பிந்தி வந்ததால், பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்டது. இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாகப் பின் ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டுச் சமாளிப்பேன். அன்றைக்கு உதவிக்கு வந்திருந்த பையன் சென்னை தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தவன். காலடியால் தூரத்தை அளந்தான். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், நாற்பதை அதால் வகுத்தால் 117 மில்லி செகண்ட், அவ்வளவு நேரம் பின் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தினால் போதும்ணா என்று டிஜிட்டல் மிக்சரில் போட்டான். இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு ஒரே குரலாகிவிட்டது. குளிர் ஏற ஏற வேகம் டிகிரிக்கு 0.6 மீட்டர் குறையும், இந்தத் தூரத்துக்கு அது பெரிசில்லை என்றும் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எத்தனை வருடம், எத்தனை மேடை.

அதற்காக நகையை அடகு வையுங்கள் என்று சொல்லவில்லை, வைக்கவே வைக்காதீர்கள். லட்சம் வாங்கும் இடங்கள் எல்லாம் மோசம் என்பதில்லை, ஆனால் எனக்குத் தெரிந்து அப்படிப் போய்விட்டு வந்த பையன்கள் கற்றுவந்தது பெரும்பாலும் சாஃப்ட்வேரில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான். அது யூடியூபிலேயே இலவசம். அரசுக் கல்லூரியில் இடங்கள் குறைவு, கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். வானொலி, தொலைக்காட்சி மாதிரி அரசு வேலை, கல்லூரியில் பாடம் எடுப்பது, வெளிநாடு என்று ஆசை இருந்தால் பட்டம் கட்டாயம் வேண்டும், அதில் பேச்சே இல்லை.

ஒரு காலத்தில் சேலத்துப் பையன் சென்னைக்கே போக வேண்டியதில்லை. ஏற்காடு ரோட்டில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது, நூறு படத்துக்கு மேல் எடுத்த ஸ்டூடியோ, அங்கேயே நின்று வேலை கற்றுக்கொள்ளலாம். இப்போது முகப்பு வளைவு மட்டும் மிச்சம். அந்தப் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் வயிறு எரியும்.

இடம் கிடைக்காத பையனுக்கு என்ன வழி? பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் தொகுதியில் அலைகள் பாடம் தமிழிலேயே இருக்கிறது, அதை மார்க்குக்காக இல்லாமல் திரும்பப் படிக்கட்டும். திரைப்படக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு தலைப்பாகத் தேடிப் படிக்கட்டும், அப்போது எதைத் தேட வேண்டும் என்றே தெரியாமல் நிற்க மாட்டான். கூடவே தையிலிருந்து வைகாசி வரை ஒரு மைக் செட்டில் நிற்கட்டும். ஊய்ங் என்று ஃபீட்பேக் வரும்போது எந்த ஃப்ரீக்வென்சி என்று காது பிடிப்பதற்கு ஆயிரம் பேர் முன்னால் கை நடுங்கியே ஆக வேண்டும், அதை எந்த வகுப்பறையிலும் பழக முடியாது.

அந்த அண்ணனுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொல்லிவிட்டேன். பையன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், கன்னங்குறிச்சியில் ஒரு காதுகுத்து. அவனுக்கென்று ஒரு ஜோடி இயர்பிளக் வாங்கி வைத்திருக்கிறேன்.