அந்த பைலைக் கொன்னது யாருன்னு முதல்ல பேசுவோம்

தண்டையார்பேட்டை பண்டு விவகாரத்துல எல்லாரும் கருத்து சொல்லி முடிச்சாச்சு. தெரியாதவங்களுக்கு ஒரு வரி: வாரா வாரம் வீடு வீடா வாங்குற பண்டுப் பணத்தோட கணக்கு பென் டிரைவ்ல ஒரு எக்செல் பைலா இருந்துது, அது கெட்டுப்போச்சு, கம்ப்யூட்டர் கடையில குடுத்தா டிரைவையே ஃபார்மேட் பண்ணி மொத்தமாத் துடைச்சுட்டாங்க, பழி மட்டும் கணக்கு எழுதுன பொண்ணு மேல. ஸ்கிரீன்ஷாட் எல்லார் கண்ணுலயும் பட்டிருக்கும், நான் திரும்பப் போடல. "கணக்கு எழுதுன பொண்ணே அழிச்சுட்டு நாடகம் ஆடுது"ன்னு ஒருத்தர். "எக்செல்லை நம்புனா இதான் கதி"ன்னு இன்னொருத்தர். நடுவுல, "கடையில காமிச்சாச்சு, டேட்டா மொத்தமும் போச்சாம்"னு ஒரு தீர்ப்பு. நான் கேட்டது ஒரே கேள்வி: பென் டிரைவை ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி யாராச்சும் ஒரு காப்பி எடுத்தீங்களா? வந்த பதில்: "பெரிய இன்ஜினியர் வந்துட்டாரு."

இன்ஜினியர் இல்லீங்க. கெட்டுப்போன எக்செல் பைலை எப்படி நோண்டி எடுக்கறதுன்னு தெரியும், அவ்வளவுதான்.

கரெப்ட் ஆச்சுன்னா போச்சுன்னு அர்த்தம் இல்ல. "கரெப்ட்"டுன்னு எக்செல் சொன்னா "எனக்குப் படிக்க வரல"ன்னு சொல்லுது, அவ்வளவுதான். உள்ள கணக்கு இருக்கா இல்லையாங்கறது வேற விஷயம். கதவு பூட்டு இறுகிப் போச்சுன்னு வீட்டையே இடிக்கறவங்களை என்ன சொல்றது? அந்தக் கடையில அதைத்தான் பண்ணியிருக்காங்க, பண்ணிட்டு பில்லும் போட்டிருக்காங்க.

கடைக்காரரே பெருமையா வரிசை போட்டு எழுதியிருக்காரு, என்னென்ன "ட்ரை" பண்ணாருன்னு. படிச்சுப் பாருங்க. முதல்ல பைலைத் திறந்தாரு. "உள்ள ஏதோ பிரச்சினை, முடிஞ்சவரைக்கும் மீட்கட்டுமா"ன்னு எக்செல் கேட்டுது, யெஸ் அடிச்சாரு. அதுல தப்பில்ல. ஆனா பாதி வரிகளோட திறந்ததை அதே பேர்ல, அதே பென் டிரைவ்லயே சேவ் பண்ணாரு. முதல் கத்தி அங்க விழுந்துது. எக்செல் ரிப்பேர் பண்ணும்போது தனக்குப் புரியாததை வெட்டித் தூக்கிப் போட்டுடும். வெட்டுனதை அதே பேர்ல சேவ் பண்ணா மூலப் பைல் காலி. ரெண்டாவது, செக்டிஸ்க் ஓட்டுனாரு, அது டிரைவ்ல இருக்கற பதிவையே மாத்தி எழுதக்கூடிய விண்டோஸ் ரிப்பேர் கருவி. மூணாவது, ஏதோ ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி, அது எடுத்துக் கொடுத்ததையும் அதே பென் டிரைவ்லயே கொட்டுனாரு. கடைசியா ஃபார்மேட்.

இந்த நாலுல ஒண்ணைக்கூட அந்தப் பொண்ணு பண்ணல. அவங்க பண்ணது, சேவ் ஆகிட்டிருக்கும்போது கரண்ட் போனது மட்டும்தான். அது அவங்க பண்ணதுன்னே சொல்ல முடியாது, நம்ம ஏரியாவுல கரண்ட் யாரைக் கேட்டுப் போகுது?

இப்போ உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். 2007 எக்செல்லுல இருந்து வர்ற எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (.xlsx) பைல், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டாததுன்னா, உண்மையில ஒரு ஜிப் பைல்தான், அதாவது பல பைலை அமுக்கிக் கட்டுன ஒரே மூட்டை. நம்பலன்னா ஒரு நல்ல பைலைக் காப்பி எடுத்து, கடைசி எழுத்துங்களை ஜிப்புன்னு மாத்தித் திறந்து பாருங்க. எக்ஸ்எல்லுன்னு ஒரு போல்டர், அதுக்குள்ள வொர்க்‌ஷீட்ஸ்னு ஒரு போல்டர், அதுல ஷீட்1, ஷீட்2 தனித்தனியா. பக்கத்துலயே ஷேர்டு ஸ்டிரிங்ஸ்னு ஒரு பைல். எல்லாமே நோட்பேட்ல படிக்கிற மாதிரி வெறும் எழுத்து.

ஜிப்போட அட்டவணை பைலோட வால்ல இருக்கும். பாதியில அறுந்த பைலுக்கு வால் இருக்காது, அதனாலதான் எக்செல் கையை விரிக்குது. தலையும் உடம்பும் அப்படியேதான் கிடக்கும். நிறைய கடை கம்ப்யூட்டர்ல ஜிப் பைலைப் பிரிக்கிற வின்ரார் இருக்கு, காசு கேட்டு நச்சரிச்சிட்டே இருக்குமே அதேதான். அதுல பைலைக் காட்டி ஆல்ட் ஆர் அடிச்சா, கிடைக்கிற துண்டுகளை வெச்சு ரீபில்ட்டுன்னு தொடங்குற பேர்ல புது ஜிப் ஒண்ணு கட்டிக் கொடுக்கும். எக்ஸ்ட்ராக்ட் பண்ணும்போது "கீப் புரோக்கன் பைல்ஸ்" டிக் பண்ணணும். அந்த ஒரு டிக்கை மறந்தா, உடைஞ்ச ஷீட்டை உடைஞ்சதுன்னு சொல்லி அதுவே அழிச்சுடும்.

சரி, ஷீட்1 கைக்கு வந்துது, ஆனா எண்ணூறாவது வரியில அறுந்திருக்கு. பரவாயில்ல. நோட்பேட் பிளஸ் பிளஸ்ல திறந்தா எல்லாம் ஒரே நீள வரியா ஓடும், பயப்பட வேணாம். < > குறிக்குள்ள வர்ற அடையாளத்துக்குப் பேரு டேக். கடைசியா முழுசா மூடியிருக்கற ரோ டேக் (</row>) எங்கன்னு தேடுங்க. அதுக்கு அப்புறம் இருக்கற அரைகுறையை அழிங்க. ஷீட் டேட்டாவை மூடுற டேக் (</sheetData>), வொர்க்‌ஷீட்டை மூடுற டேக் (</worksheet>), ரெண்டையும் அந்த வரிசையில கையால அடிங்க. மறுபடி ஜிப் பண்ணும்போது வெளிய இருந்து போல்டரை ரைட் கிளிக் பண்ணாதீங்க. உள்ள போய் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஜிப் பண்ணி, கடைசி எழுத்துங்களைத் திரும்ப எக்ஸ்எல்எஸ்எக்ஸ்னு மாத்தணும். இல்லன்னா போல்டருக்குள்ள போல்டர் ஆகிடும், எக்செல் திரும்பவும் கரெப்ட்டுன்னு கத்தும், நீங்களும் "ஒண்ணும் வேலைக்காவல"ன்னு விட்டுடுவீங்க. எண்ணூறு வரிக்கு ஒரு வரி குறைவா திரும்ப வரும். மிச்சம் போச்சு, அது உண்மை. ஆனா மொத்தமும் போறதும் அதுவும் ஒண்ணா?

கடைக்காரர் எழுதுனதுல எனக்கு நெஞ்சு எரிஞ்ச வரி ஒண்ணு இருக்கு. "எடுத்துப் பார்த்தேன் சார், பேரு இல்ல, தேதி இல்ல, எல்லாம் வெறும் நம்பரா வருது, ஜங்க் டேட்டா." ஜங்க்காமே! எக்செல் தேதியைத் தேதியா எழுதி வைக்காது, நாள் எண்ணிக்கையாத்தான் வைக்கும். 45292ன்னு இருந்தா அது 2024 ஜனவரி 1. 45658ன்னா 2025 ஜனவரி 1. செல்லுல தேதி ஃபார்மேட் போட்டா ஒரு நொடியில தேதி ஆகிடும். பேருங்களும் ஷீட்டுக்குள்ள இருக்காது, ஷேர்டு ஸ்டிரிங்ஸ்ல வரிசையா இருக்கும். ஷீட்டுல எத்தனாவது பேருங்கற நம்பர் மட்டும்தான் இருக்கும். இங்க ஒரு பள்ளம் இருக்கு, தெரிஞ்சவங்களே விழுவாங்க: அந்த வரிசை பூஜ்யத்துல இருந்து தொடங்கும். ஷீட்டுல 12ன்னு இருந்தா லிஸ்ட்டுல பதிமூணாவது பேரு. ஒண்ணுல இருந்து எண்ணிட்டீங்கன்னா செல்வி கட்டுன பணம் செல்வம் கணக்குல ஏறிடும், அப்புறம் தெருவுல நிஜமாவே அடிதடி நடக்கும்.

இன்னொண்ணு. ஃபார்முலா இருக்கற செல்லுல ஃபார்முலா மட்டும் இருக்காது, கடைசியா வந்த விடையும் பக்கத்துலயே எழுதியிருக்கும். அதனால மொத்தத் தொகை செல் ஒண்ணு பிழைச்சா போதும், மீட்ட வரிகளைக் கூட்டிப் பார்த்து எவ்வளவு குறையுதுன்னு ரூபா கணக்கா சொல்லிடலாம். அதாவது, அந்தப் பொண்ணு கணக்குல கை வெச்சாங்களா இல்லையான்னு அந்த பைலே சாட்சி சொல்லியிருக்கும். சாட்சியை ஃபார்மேட் பண்ணிட்டு, குற்றவாளின்னு பேரு வெச்சிருக்கீங்க.

"இதெல்லாம் உனக்குத் தெரியும், சாதாரண ஜனத்துக்கு எப்படித் தெரியும்?" தெரிய வேணாம்! டேக், ஜிப்பு எதுவும் தெரிய வேணாம். முதல்ல காப்பி எடு, அப்புறம் காப்பியில கை வை. இதுக்கு என்ன படிப்பு வேணும்? மூலத்தை அப்படியே வெச்சிருந்தா, இன்னைக்குத் தெரியலன்னாலும் நாளைக்குத் தெரிஞ்சவன்கிட்ட எடுத்துட்டுப் போகலாம்.

சும்மா மௌஸை வெச்சே பண்ணக்கூடியதும் இருக்கு. எக்செல்லுல பைல், ஓப்பன், பிரௌஸ் போய், பைலை ஒரு தடவை மட்டும் தொட்டு, ஓப்பன் பட்டன் பக்கத்துல இருக்கற சின்ன அம்புக்குறியை அழுத்துனா "ஓப்பன் அண்ட் ரிப்பேர்" வரும். அதுல ரிப்பேர் தோத்தா "எக்ஸ்ட்ராக்ட் டேட்டா"ன்னு இன்னொரு பட்டன். அதுவும் கைவிட்டா லிப்ரே ஆபீஸ்ல திறங்க, காசு கிடையாது. எக்செல் முறைச்ச பல பைலை அது முணுமுணுக்காமத் திறக்கும். வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ வந்த பைல் கரெப்ட்டுன்னு சொல்லுதா? ப்ராப்பர்டீஸ்ல போய் "அன்பிளாக்" டிக் பண்ணிட்டுத் திறங்க. பல நேரம் பைல் நல்லாத்தான் இருக்கும், வெளிய இருந்து வந்த பைல்னு விண்டோஸ் மிரளுது. இந்த ஒரு டிக்குக்குக் காசு வாங்குற கடைங்களும் இருக்கும்.

அப்புறம் அந்த டாலர் பைல். பேருக்கு முன்னாடி ~$ போட்டு ஒரு பைல் கிடந்துதாம், "இதான் பேக்கப், இதுவும் காலியா இருக்கு, ப்ளான் பண்ணி அழிச்சிருக்கா"ன்னு ஒரு துப்பறியும் சிங்கம் எழுதியிருக்கு. ஐயா, அது பேக்கப் இல்ல. பைலை யாரு திறந்து வெச்சிருக்காங்கன்னு பேரை மட்டும் குறிச்சு வைக்கிற சீட்டு. மொத்தமே 165 பைட்டு. அதுல கணக்கு எந்தக் காலத்துலயும் இருக்காது.

உண்மையில தேட வேண்டியது வேற. எக்செல் சேவ் பண்ணும்போது பழைய பைல் மேலேயே எழுதாது. அதே போல்டர்ல எட்டு எழுத்துல வாய்க்கு வந்த பேர்ல, பின்னாடி புள்ளியோ எக்ஸ்டென்ஷனோ இல்லாம ஒரு பைலை எழுதி முடிச்சு, பழசை அழிச்சு, புதுசுக்குப் பழைய பேரை வைக்கும். பழசை அழிச்சுட்டுப் பேரை மாத்தறதுக்குள்ள கரண்ட் போனா அந்த எட்டெழுத்துப் பைல் மட்டும் அனாதையா நிக்கும். அதுக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ்னு பேரு வெச்சா பல நேரம் அப்படியே திறக்கும். காசிமேட்டுல ஒரு அண்ணனோட ஐஸ் பாக்கி கணக்கு இப்படித்தான் கிடந்துது. பேரைப் பார்த்து வைரஸ்னு நினைச்சு அவரு பையனே டெலீட் பண்ணிட்டான். அண்ணன் பையனை ஒண்ணும் சொல்லல. சொந்தப் பையன் பண்ணா விளையாட்டு, கூலிக்குக் கணக்கு எழுதுற பொண்ணு மேலன்னா உடனே திருட்டு.

"நோட்டுல எழுதியிருந்தா இந்தப் பேஜாரே இல்ல"ங்கறவங்களுக்கு: 2015 டிசம்பர்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்துதே, 2023ல மிக்ஜாம் புயல் வந்துதே, கட்டில் காலு மூழ்குன வீடுங்கள்ல நோட்டு என்ன ஆச்சு? மை கரைஞ்ச நோட்டுக்கு எந்த வின்ராரும் கிடையாது. "கூகுள் ஷீட்ல போட்டிருக்கணும்"ங்கறாங்களே, அது நியாயம், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு நெட்டு போட்டுக் குடுங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டப்போ "எதுக்கு வெட்டிச் செலவு"ன்னு சொன்னது யாருன்னு குரூப்ல மேல போய்ப் பாருங்க.

"எல்லாப் பைலையும் மீட்டுடலாம்னு கதை விடாதே"ன்னும் ஒருத்தர். விடல. பைலோட ஒவ்வொரு பைட்டையும் அப்படியே காட்டுற எச்எக்ஸ்டி (HxD) மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல திறந்தா முதல் ரெண்டு எழுத்து "பிகே"ன்னு இருக்கணும். அதுக்குப் பதிலா தலையில இருந்து வால் வரைக்கும் வெறும் பூஜ்யமா இருந்தா, அந்தப் பைலுக்குள்ள ஒண்ணும் இல்ல. அளவு மட்டும் பதிவாகி, எழுத்து டிஸ்க்குக்குப் போகவே இல்லன்னு அர்த்தம். எந்த மந்திரவாதியும் எடுக்க முடியாது. ஆனா நம்ம பைல்ல நம்பராச்சும் வந்துதுன்னு கடைக்காரரே சொல்றாரே! பூஜ்யமா இருந்தா நம்பர் எங்க இருந்து வரும்? பைல் உயிரோட இருந்திருக்கு. கைக்கு வந்தப்புறம் செத்திருக்கு.

கடைக்காரர் மேல எனக்கு என்ன பகை? அவரும் வாடகை கட்டணும். "எனக்கு இது வராது, எடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்லியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். வாரா வாரம் 200 ரூபாய்க்கு ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி, யாரு குடுத்தா, யாரு அடுத்த வாரம்னு சொன்னான்னு நிறுத்தி வெச்சு எழுதுன மனுஷியை ஒரே ராத்திரியில திருடியாக்கிட்டீங்க. அதுல எத்தனை பேரு ஒரு தடவையாச்சும் அந்தப் பைலைத் திறந்து தன் பேர்ல எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்த்திருக்கீங்க?

ஏன் கேக்கறேன்னா, அந்தப் பொண்ணு எழுதுன பதில்லயே ஒரு வரி இருக்கு, யாரும் படிக்கல: மாசக் கடைசியில பைலை குரூப்ல போட்டுட்டுத்தான் இருந்தேன்னு. அப்போ அதைத் தட்டித் திறந்தவங்க ஒவ்வொருத்தர் போன்லயும் ஒரு காப்பி இருக்கணும். ஆண்ட்ராய்டுன்னா பைல் மேனேஜர்ல ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ். அந்தப் பொண்ணு போன்ல அதுக்குள்ளயே சென்ட்டுன்னு இன்னொரு போல்டர், அனுப்புனதெல்லாம் அதுல கிடக்கும். சாட்டை கிளியர் பண்ணியிருந்தாலும் ஒரு தடவை அங்க போய்ப் பார்த்துடுங்க. கடைசி மாசப் பைல் கிடைச்சா, கையால சேர்க்க வேண்டியது மிச்ச வாரங்களை மட்டும்தான். திட்டுறதுக்கு எடுத்த அதே போன்ல ரெண்டு நிமிஷம் தேடியிருக்கலாம்.

பென் டிரைவ் இப்போ யாருகிட்ட இருக்குன்னு தெரியல. இருக்கறவங்க தயவு பண்ணி அதுல பாட்டு, படம் எதுவும் ஏத்தாதீங்க. குயிக் ஃபார்மேட் அடிச்சிருந்தா அழிஞ்சது அட்டவணை மட்டும்தான், மேல வேற எழுதாத இடத்துல பழசு அப்படியே கிடக்கும். முழு ஃபார்மேட்னா விண்டோஸ் விஸ்டாவுல இருந்தே எல்லா இடத்துலயும் பூஜ்யம் எழுதிடும், அப்போ இல்ல. எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு கடைக்காரரைக் கேளுங்க. சில நொடியில முடிஞ்சதுன்னா குயிக். அதை ஒரு கவர்ல போட்டு, மேல "தொடாதே"ன்னு எழுதி வைங்க. முழு டிரைவையும் இமேஜா, அதாவது அச்சு அசலா ஒரே பைலா காப்பி எடுத்து, அந்த இமேஜ் மேல அழிஞ்ச பைலைத் தேடி எடுக்கற போட்டோரெக் சாஃப்ட்வேரை ஓட்டி, வர்றதை வேற டிரைவ்ல இறக்கணும். பேரு எல்லாம் போயிருக்கும், நூறு பைல் வந்தா நூறையும் திறந்து பார்க்கணும். நான் பார்க்கறேன், காசு வேணாம். அந்தப் பொண்ணையும் பக்கத்துல உட்கார வைங்க, எது எந்த மாசத்துக் கணக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.