விரல்தானே என்று சொல்லாதீர்கள்

ஆய்வுக்காகத் தவளைகளை அடையாளம் வைக்க அவற்றின் விரல் நுனியை வெட்டுவார்கள். அப்படி விரல் வெட்டுவதைப் பற்றிய ஒரு படத்துக்குக் கீழே நேற்று நடந்த வாக்குவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு விரல்தானே, தவளை செத்தா போய்விடும்?" என்று கேட்டவருக்கு அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் வார்த்தை வரவில்லை.

தவளைக்கு மொத்தம் 18 விரல். எந்தக் காலில் எந்த விரல் இல்லை என்பதுதான் ஆய்வுக் குறிப்பேட்டில் அதன் எண். வால்பாறைப் பக்கம் மழை இரவுகளில் கத்தும் புதர்த்தவளை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், ஈர இலையில் அது பிடித்து நிற்பதே விரல் நுனியில் இருக்கும் வட்டச் சதையால்தான். அதைத்தான் வெட்டுகிறோம்.

வெட்டுகிறோம் என்றுதான் சொல்கிறேன், நானும் வெட்டியிருக்கிறேன். ஓர் ஆய்வுக் குழுவில் உதவியாளாக இருந்தபோது, இரண்டு விரல் போன ஒன்று மூன்று வாரம் கழித்து அதே ஏலக்காய்ச் செடியில் கிடைத்தது. இலையில் ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும். டார்ச்சைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். "மறுபடி கிடைத்தது, நல்லது" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எழுதினேன்.

எண்ணாமல் எப்படிக் காப்பாற்றுவது என்கிறீர்கள். எண்ணத்தான் வேண்டும். சிலவற்றைப் பிடித்து அடையாளம் வைத்து விடுவார்கள், அடுத்த முறை பிடிப்பதில் எத்தனை அடையாளத்தோடு இருக்கின்றன என்று பார்த்து மொத்தத்தைக் கணக்கிடுவார்கள். ஆனால் அடையாளம் வைத்த தவளையும் வைக்காத தவளையும் ஒரே மாதிரி பிழைக்கும், ஒரே மாதிரி மறுபடி கையில் கிடைக்கும் என்று நம்பித்தானே அந்தக் கணக்கே நடக்கிறது? வெட்டியது செத்தாலோ ஒளிந்துகொண்டாலோ மறுபடி கிடைப்பது குறையும், காட்டில் இருப்பதைவிட அதிகத் தவளை இருப்பதாக விடை வரும். 2004-இல் மெக்கார்த்தி, பாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டார்கள். முதல் விரலுக்கு அப்புறம் வெட்டிய ஒவ்வொரு விரலுக்கும், தவளை திரும்பக் கிடைப்பது 4 முதல் 11 சதவீதம் வரை குறைந்திருந்தது. இது என் இரக்கம் சொல்வதில்லை, எண் சொல்வது.

டிஎன்ஏவுக்கும் வயது பார்க்கவும் விரல் வேண்டும் என்றால், சரி, ஒரு நுனி எடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அடையாளத்துக்கு விரலை வெட்டாமல் தோலுக்கடியில் வண்ண சிலிக்கோன் ஊசி போட்டால் செலவாகும், முதுகுக் கோலத்தைப் படமெடுத்து ஒப்பிட்டால் நேரமாகும் என்பதெல்லாம் எனக்கு ஒரு காரணமே இல்லை. நமக்கு நேரம் மிச்சமாக அதன் விரல் போக வேண்டுமா?

"நீங்கள் என்ன விஞ்ஞானியா?" என்றும் ஒருவர் கேட்டார். இல்லை. ஆனால் அந்தத் தவளைகளைத் தேடி அட்டைக் கடியோடு நடந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். சத்தத்தை வைத்தே எந்தச் செடியில் எது என்று காட்டிக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும்போது மட்டும் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.