பாஸ்வேர்டு ஃபைலுக்கு 755 பெர்மிஷனா?

ஃபைலை உரிய இடத்தில் கொண்டுபோய் வைத்து, யார் படிக்கலாம், எழுதலாம் என்ற பெர்மிஷனையும் போடுகிற இன்ஸ்டால் கமாண்டோடு மல்லுக்கட்டிய யாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும். அதன் கேப்பிட்டல் டி ஆப்ஷன். அந்த ஒற்றை எழுத்துதான் நேற்று என் ராத்தூக்கத்தைக் கெடுத்தது.

லினக்ஸைப் போலவே யூனிக்ஸ் வகையான ஃப்ரீபிஎஸ்டி ஓடுகிற சர்வர். பின்னணியில் ஓடுகிற சின்னப் புரோகிராம், அதாவது ஒரு டீமன். லினக்ஸில் மட்டுமே ஓட்டிப் பார்த்த யாரோ எழுதிய மேக்ஃபைல், அதாவது புரோகிராமை உருவாக்கி நிறுவும் கட்டளைகளின் பட்டியல். மேக் இன்ஸ்டால் ஓடி முடிந்தது. எரர் இல்லை, வார்னிங் இல்லை, எக்ஸிட் கோடு 0. டீமனும் சமர்த்தாக ஓட ஆரம்பித்துவிட்டது. வேறு எதையோ தேடி எல்எஸ் மைனஸ் எல் போட்டபோதுதான் கண்ணில் பட்டது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்கார்ந்திருக்கிற கான்ஃபிக் ஃபைலுக்கு 755! அந்த மெஷினில் லாகின் இருக்கிற எவர் வேண்டுமானாலும் படிக்கலாம். போதாக்குறைக்கு எக்ஸிக்யூட் பெர்மிஷன் வேறு. கான்ஃபிக் ஃபைலை யாரய்யா ஓட்டப் போகிறார்கள்?

மேக்ஃபைலைத் திறந்து பார்த்தால், கேட்டது என்னவோ 600தான். இன்ஸ்டால் என்று எழுதி, ஒரு மைனஸ் போட்டு, டி, எம், 600 மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, பிறகு ஃபைல் பெயர், போய்ச் சேர வேண்டிய இடம். ஆர்ச் லினக்ஸ் பேக்கேஜ் ஸ்கிரிப்டுகளைப் புரட்டியவர்களுக்கு இந்த ஒட்டு எழுத்து தண்ணீர் பட்ட பாடு. லினக்ஸில் இருக்கிற க்னூ இன்ஸ்டாலில் கேப்பிட்டல் டி என்றால் வழியில் இல்லாத டைரக்டரிகளை உருவாக்கிக்கொள் என்று அர்த்தம். எம் 600 என்றால் ஓனர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். சரி, நியாயம்.

ஃப்ரீபிஎஸ்டியில் அதே கேப்பிட்டல் டி தனக்குப் பின்னால் ஒரு டைரக்டரி பெயரை எதிர்பார்க்கும். ஆகவே எம்600 என்பதை மொத்தமாக டைரக்டரி பெயர் என்று எடுத்து விழுங்கிவிட்டது. அப்படி ஒரு டைரக்டரி உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அதன் கையேடான மேன் பேஜைப் படியுங்கள், இன்னும் எரியும். நிறுவிய ஃபைல்களின் பட்டியலை எழுதும்போது பெயரின் முன்பகுதியை வெட்டுவதற்குத்தான் அந்த ஆப்ஷனாம். ஃபைல் எங்கே போகிறது என்பதில் அதற்கு எந்தச் சம்பந்தமும் கிடையாதாம். ஆனால் என் 600ஐ மட்டும் தின்றுவிட்டது. எம் போனதும் டிஃபால்ட் மோடு வந்து உட்கார்ந்துகொண்டது. அதுதான் 755.

டிக்கும் எம்முக்கும் நடுவில் இடைவெளி விட்டு, இரண்டுக்கும் தனித்தனி மைனஸ் போட்டிருந்தாலாவது, மைனஸ் எம்மை விழுங்கிவிட்டு 600 என்பதை ஒரு ஃபைல் பெயராக நினைத்துக் குழம்பி, சத்தம் போட்டு நின்றிருக்கும். டைரக்டரி இல்லாமல் இருந்திருந்தாலும் நின்றிருக்கும். பழைய வெர்ஷன் உருவாக்கிய டைரக்டரி ஏற்கெனவே இருந்ததால் கல்லுளிமங்கன் மாதிரி வாயே திறக்காமல் வேலையை முடித்துவிட்டது.

அந்த 755 டிஃபால்ட்டையும் விடப் போவதில்லை. 1983இல் 4.2 பிஎஸ்டியோடு வந்த கமாண்ட் இது. பைனரிகளைக் கொண்டுபோய் வைப்பதற்கு அது பொருத்தம்தான். ஆனால் மேன் பேஜ், ஐகான், கான்ஃபிக் என்று எல்லாவற்றையும் இதே கமாண்டால்தான் வைக்கிறோம். சொல்ல மறந்தால் கதவை மூடி வைக்க வேண்டுமா, திறந்து போட வேண்டுமா? ரூட்டின் யூமாஸ்க்கை, அதாவது புது ஃபைல்களில் மற்றவர்களுக்கான பெர்மிஷனைக் கழிக்கிற அமைப்பை, 077 என்று கவனமாக வைத்திருந்தாலும் இது மதிக்காது. தன் இஷ்டப்படிதான் மோடு போடும்.

சிபி, எம்வி, எம்கேடிஐஆர், சிஹெச்மோடு எல்லாம் யூனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான தரநிலையான போசிக்ஸில் இருக்கின்றன. இன்ஸ்டால் இல்லை. யாரும் உட்கார்ந்து இதற்கு ஒரு வரையறை எழுதவே இல்லை. கேப்பிட்டல் எஸ் க்னூவில் பேக்கப் ஃபைலின் பின்னொட்டு, ஃப்ரீபிஎஸ்டியில் பாதுகாப்பாக நகலெடுக்கும் ஆப்ஷன். மெஷினுக்குத் தகுந்தபடி புரோகிராமைத் தயார் செய்ய ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டைத் திறந்தால், நம்ப முடியாத இன்ஸ்டால்கள் என்று ஒரு பட்டியலே கமெண்டில் இருக்கிறது. அமிகா கம்ப்யூட்டரில் இதே பெயருள்ள கமாண்ட் ஃப்ளாப்பியில் பூட் பிளாக் எழுதுமாம்! எஸ்விஆர்4 என்ற பழைய யூனிக்ஸில் ஒன்று இல்லாத ஸ்டாஃப் குரூப்பைத் தேடிப் போகுமாம். இதற்குப் பயந்துதான் ஒவ்வொரு சாஃப்ட்வேர் மூட்டையிலும் இன்ஸ்டால்-எஸ்ஹெச் என்று ஒரு ஸ்கிரிப்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

மேக்ஃபைல் எழுதுகிற புண்ணியவான்களே, ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? சின்ன டி போட்டு டைரக்டரியை முதலில் உருவாக்குங்கள். அடுத்த வரியில் எம் 600 போட்டு ஃபைலை வையுங்கள். இரண்டு பக்கமும் இது ஓடும். கேப்பிட்டல் டியைத் தொடாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அப்புறம், அதே மேக்ஃபைலில் ஃபைலுக்குள்ளேயே வார்த்தைகளை மாற்றுகிற செட் (sed) கமாண்டை, செட் மைனஸ் ஐ மைனஸ் இ என்று வேறு எழுதியிருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி செட்டில் ஐக்கும் ஒரு பின்னொட்டு கொடுத்தே ஆக வேண்டும், அதனால் அது மைனஸ் இயை விழுங்கி, பெயரின் கடைசியில் மைனஸ் இ ஒட்டிய பேக்கப் ஒன்றைப் போட்டுவிடும். ஒவ்வொரு கான்ஃபிக் டைரக்டரியாகப் போய்ப் பாருங்கள். நீங்கள் மாற்றிவிட்டதாக நினைக்கிற பழைய பாஸ்வேர்டு அந்த ஃபைலில் அப்படியே கிடக்கும்.