இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும்

அக்கா தங்கையாக, அண்ணன் தம்பியாக வெளிநாடு போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல விஷயம். கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள் கொஞ்ச நாளாவது சேர்ந்திருக்க இதைவிட்டால் வேறு வழி கிடைப்பதில்லை. ஆனால் அப்படிப் போகிற பலரும் செய்துகொள்ளும் ஒரு ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை. இருவரில் ஒருவர் 'எல்லாம் தெரிந்தவர்' ஆகிவிடுகிறார். விமான டிக்கெட், ஹோட்டல் புக்கிங், மேப், கார்டு, பவர் பேங்க் எல்லாம் அவரிடம். மற்றவர் பின்னாலேயே நடக்கிறார். திருவிழாக் கூட்டத்தில் "அக்கா கையை விட்ராத" என்று அம்மா சொல்லி அனுப்பிய பழக்கம் நாற்பது வயதிலும் அப்படியே தொடர்கிறது. போன் வேலை செய்கிறவரை இதில் ஒரு குறையும் தெரியாது.

அக்காவும் நானும் பிப்ரவரி மாதத்தில் ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போயிருந்தோம். பனி பார்க்க வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. சப்போரோவில் தங்கிக்கொண்டு ஒரு நாள் ரயிலில் ஒட்டாரு என்ற துறைமுக ஊருக்குப் போனோம். முக்கால் மணி நேரப் பயணம். 1923இல் கட்டி முடித்த பழைய கால்வாய், கரையோரம் கல் கட்டடக் கிடங்குகள், எல்லாவற்றின் மேலும் பனி. அங்கே வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் போன் அணைந்தது. திரையில் நாற்பது சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த போன். "ஏட்டி, உன் போனை எடு" என்றாள். என்னுடையதும் சிறிது நேரத்தில் அணைந்தது.

இது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது, குளிர் நாடுகளுக்குப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. லித்தியம் அயான் பேட்டரிக்குள் கடுங்குளிரில் அயனிகள் நகர்வது மந்தமாகிவிடும், உள் மின்தடை ஏறும். அந்த நேரம் பார்த்து கேமரா போல அதிக மின்சாரம் கேட்கிற ஒன்றைத் திறந்தால் மின்னழுத்தம் சட்டென்று விழுந்து போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சார்ஜ் உள்ளேதான் இருக்கும், வெளியே வராது. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சரி, பவர் பேங்க் இருக்கிறதே என்றால் அதுவும் அதே குளிரில்தான் கிடக்கிறது. அதோடு, பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும் என்பதால் போன்கள் அந்தக் குளிரில் சார்ஜ் வாங்கவே மறுக்கும். கோட்டின் உள்பையில், உடம்புச் சூடு படும்படி போனை வைத்துக்கொண்டால்தான் தாக்குப்பிடிக்கும். இன்னொன்று, குளிரிலிருந்து சூடான கடைக்குள் சட்டென்று நுழைந்தால் போனில் நீர் வியர்க்கும். அக்காவின் போன் அதன்பிறகு உயிர்பெறவே இல்லை. என்னுடையதில் சார்ஜர் சொருகும் துளைக்குள் பனி உருகி ஈரம். ரயிலில் கொஞ்ச நேரம் எரிந்தது, கேபிளைச் சொருகினால் ஈரம் இருக்கிறது என்று எச்சரித்துவிட்டு, மிச்சமிருந்த சார்ஜும் தீர்ந்து அணைந்துபோனது.

"ரெண்டு பேர் போறீங்க, ரெண்டு போன் இருக்கு, அப்புறம் என்ன" என்று கிளம்பும்போது எல்லோரும் சொன்னார்கள். ஒரே இடத்தில் ஒரே குளிரில் ஒரே மாதிரி பாக்கெட்டில் இருக்கும் இரண்டு போன்களை இரண்டு என்று கணக்கு வைக்கக் கூடாது. ஒன்றைக் கொல்வது இன்னொன்றையும் கொல்லும்.

பிப்ரவரியில் அங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். சப்போரோ ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது எங்களிடம் இருந்தது சில்லறைக் காசும், பாஸ்போர்ட்டுகளும், ஒருவர்மேல் ஒருவருக்கு வந்த கோபமும்தான். சொந்தத்தோடு போனால் சண்டை வேறு மாதிரி இருக்கும். தோழியாக இருந்தால் கொஞ்சம் நாகரிகம் பார்த்திருப்போம். அக்கா தங்கைக்குள் அது கிடையாது, பதினைந்து வருடத்துக்கு முந்தைய கணக்கெல்லாம் ஸ்டேஷன் நடுவில் வந்து நிற்கும். "உன்னை நம்பித்தானே வந்தேன்" என்று நான் சொல்ல, "நான் என்ன உனக்கு கைடா?" என்று அவள் கேட்க, அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. முன்னால் போகிறவருக்கும் இது பெரிய பாரம். எல்லாவற்றையும் ஒருத்தியே சுமந்துகொண்டு, வழி தவறினால் திட்டும் வாங்குவது எந்த ஊர் நியாயம்?

எங்களைக் காப்பாற்றியது அந்த ஊரின் அமைப்பு. சப்போரோ மெய்ஜி காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கட்டம் போட்டு எழுப்பிய நகரம். நடுவில் ஓடோரி என்ற நீண்ட பூங்கா, அதற்கு மேலே வடக்கு, கீழே தெற்கு. சோசெய் என்ற ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிழக்கு, இந்தப் பக்கம் மேற்கு. முகவரியே 'மினாமி 3, நிஷி 5' என்பதுபோல இருக்கும், தெற்கே மூன்றாவது வரிசை, மேற்கே ஐந்தாவது கட்டம். தெருமுனைகளில் இது ஆங்கில எழுத்திலும் இருக்கிறது. எங்கள் ஹோட்டலின் முகவரி அக்காவுக்கு மனதில் இருந்தது, பள்ளிக்கூட டீச்சர், எண்கள் மறக்காது. ஸ்டேஷனிலிருந்து ஓடோரி வரை 2011இல் திறந்த சுரங்க நடைபாதை ஒன்று நேராக அரை கிலோமீட்டர் போகிறது, உள்ளே சூடாக இருக்கும். அதில் நடந்து, மேலே ஏறி, கட்டம் எண்ணிக்கொண்டே போனோம். இடையில் ஒரு கோபானில், அதாவது தெருவோரப் போலீஸ் சாவடியில், சரிபார்த்துக்கொண்டோம். அங்கிருந்தவர் காகித வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். ஜப்பானில் எங்கே போனாலும் இந்தக் கோபான்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மொழி தெரியாவிட்டாலும் முகவரியைக் காட்டினால் போதும். ஆனால் முகவரி உங்கள் தலையிலோ தாளிலோ இருக்க வேண்டும். எல்லா ஊரும் கட்டம் போட்ட ஊர் இல்லை.

நம் வீட்டில் நேரத்துக்கு மெசேஜ் வரவில்லை என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அக்கா தினமும் அனுப்பும் மெசேஜ் வராததால் பாளையங்கோட்டையில் அம்மா சென்னைக்கும் துபாய்க்கும் போன் போட்டு எல்லோரையும் உலுக்கிவிட்டாள். ஹோட்டல் வரவேற்பறைப் பெண் இந்தியாவுக்குப் பேச வைக்கிறேன், நம்பர் சொல்லுங்கள் என்றபோது எங்கள் இருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்தது 0462 என்று தொடங்கும் வீட்டு லேண்ட்லைன் மட்டும்தான். அது இன்னும் இருந்தது. உங்கள் அண்ணனின் எண், தங்கையின் எண் பார்க்காமல் சொல்ல முடியுமா என்று இன்றைக்கே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

மறுநாள் காலையில் என் போன் காய்ந்து சார்ஜ் ஏறிவிட்டது. அக்காவின் மெயிலை இதில் திறந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தோம். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். போட்டால், 'உங்கள் போனில் ஆம் என்று அழுத்துங்கள்' என்கிறது, அந்தப் போன்தான் செத்துக் கிடக்கிறது. ஓ.டி.பி. அனுப்பச் சொன்னால் அது அவள் எண்ணுக்குப் போகும். அந்த எண் இ-சிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். பழைய பிளாஸ்டிக் சிம்மாக இருந்திருந்தால் கழற்றி என் போனில் போட்டிருக்கலாம். இ-சிம்மைச் செத்த போனிலிருந்து எடுக்க முடியாது. கூடப்பிறந்தவரின் போன் பக்கத்தில் இருப்பதால் உங்கள் கணக்குகள் திறந்துவிடும் என்ற நம்பிக்கை வெறும் நம்பிக்கைதான். இதற்கு வழி இல்லாமல் இல்லை. போன் கையில் இல்லாதபோதும் உள்ளே நுழைய கூகுள் கணக்கில் எட்டு இலக்க அவசர எண்கள் பத்து தருவார்கள், கிளம்புவதற்கு முன்பே அச்செடுத்து மற்றவரின் பையில் வைக்க வேண்டும். இந்திய எண்ணைப் பிளாஸ்டிக் சிம்மாகவே வைத்துக்கொண்டு, வெளிநாட்டு டேட்டாவுக்கு மட்டும் இ-சிம் வாங்கலாம். புக்கிங் மெயில்கள் இருவர் பெட்டிக்கும் போக வேண்டும். கார்டு ஆளுக்கொன்று, இரண்டிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிட வேண்டும். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். அங்கே போய்த் திறக்க வங்கிச் செயலி வேண்டும், செயலிக்கு உங்கள் சிம் வேண்டும்.

பவர் பேங்கும் ஆளுக்கொன்று, அவரவர் கைப்பையில். லக்கேஜில் போடவே கூடாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையிலேயே தீப்பிடித்ததிலிருந்து இதில் கெடுபிடி கூடிவிட்டது. அடாப்டரும் இரண்டு வேண்டும். ஜப்பானில் தட்டையான இரட்டைப் பின், நம் உருண்டைப் பின் நுழையாது. மின்சாரம் அங்கே 100 வோல்ட்தான். போன் சார்ஜர்கள் அதைத் தாங்கும். ஆனால் நம் ஊர்க் கெட்டிலைக் கொண்டுபோனால் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூட வராது. ரச சாதத்துக்கு வெந்நீர் கொதிக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

போன் செத்ததும் கூடப்பிறந்தவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள், பாசம் மலர்ந்தது என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. பாஷை தெரியாத ஊரில், இருட்டில், பனியில் இரண்டு பெண்கள் நிற்பது பயம். பயத்தில் யாருக்கும் பாசம் மலராது. எந்திரம் நமக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எந்திரம் நின்றால் இருவரில் யாரும் யாரையும் பிடித்துத் தொங்காத நிலை வேண்டும் என்கிறேன்.

ஹொக்கைடோவிலேயே இதற்குப் பெரிய பாடம் உண்டு. 2018 செப்டம்பர் 6 அதிகாலையில் வந்த நிலநடுக்கத்தில் தீவு முழுவதும் மின்சாரம் போனது, கிட்டத்தட்ட முப்பது லட்சம் வீடுகள் இருளில். விமான நிலையமும் அன்று மூடிவிட்டது. போனுக்குச் சார்ஜ் போட மக்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளூர்க் கடைகளான செய்கோமார்ட்டில் காரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கல்லாவை ஓட்டினார்கள். அந்த மாதிரி நாளில் கையில் ரொக்கம் வைத்திருந்தவரால்தான் எங்கேயும் தயக்கமில்லாமல் வாங்க முடியும்.

கோபத்தோடு சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. நாம் எவ்வளவு காகிதம் எடுத்துப்போனாலும் சில இடங்களில் செல்லாது. 2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்கு ஜப்பான் இ-விசா தருகிறது. அதை விமான நிலையத்தில் இணையத்தோடு போன் திரையில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். அச்செடுத்த தாளோ ஸ்கிரீன்ஷாட்டோ ஏற்கமாட்டார்கள். ஐரோப்பாவில் ரையன்ஏர் என்ற விமான நிறுவனம் 2025 நவம்பரிலிருந்து போர்டிங் பாஸைப் போனுக்கே மாற்றிவிட்டது. வயதான அத்தைகளும், பட்டன் போன் வைத்திருக்கும் சித்தப்பாக்களும் பயணம் போகிற காலம் இது. ஒருவர் நாட்டுக்குள் நுழையலாமா என்பதை அவர் பேட்டரியை வைத்து முடிவு செய்வது தப்பு. தாளில் அச்சிட்ட விசாவையும் ஏற்க வேண்டும், அதில் இருக்கும் குறியீட்டை அவர்கள் எந்திரத்தில் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

அதுவரை, இ-விசாவில் கிளம்புகிறவர்கள் செக்-இன் வரிசையில் நிற்கும்போது இரண்டு போனிலும் முழு சார்ஜ் இருக்கும்படி பாருங்கள், வரிசையில் நின்று ரீல்ஸ் பார்க்காதீர்கள். இதே மாதிரி மாட்டிக்கொண்டு வேறு வழியில் சமாளித்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். அக்கா மே மாதம் பசங்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறாள், இந்த முறை ஹோட்டல் எல்லாம் நான் பார்க்கிறேன், டிக்கெட் அவள்.